மூச்சிரைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த எங்கள் குழந்தைகள்: வடசென்னையிலிருந்து சில அனுபவங்கள்

கொருக்குப்பேட்டை, ஒரு தாய்:

ஐப்பசி அடைமழையில் முதல் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. அவனுக்கு அது சாதாரணச் சளியாகவே வந்து போனது. அவனிடமிருந்து மூன்று மாதமே ஆன தங்கைக்குத் தொற்றியபோதும் தொடக்கத்தில் தும்மலும் சிறு இருமலும்தான் இருந்தன, உடம்பு அவ்வளவாகச் சுடவும் இல்லை. பிறகுதான், மார்பில் வாய் வைத்தவள் நான்கு மிடறு உறிஞ்சியதும் மூச்சு வாங்க விலகிக்கொண்டு அழுவதும், மறுபடி வைத்தால் மறுபடி விலகுவதுமாக இருந்தாள். பக்கத்து வீட்டார் தர்காவில் ஓதிவிட்டு வரலாம் என்றார்கள். சாம்பிராணி போட்டால் நெஞ்சுச்சளி விடும் என்றார்கள். என் மாமியார் குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "விலாவுக்குக் கீழ குழி விழுது பாரும்மா, இது வெறும் சளி இல்ல, கிளம்பு" என்றார். சரக்கு ரயிலுக்காகக் கேட் மூடிக்கிடந்த நேரமெல்லாம் ஆட்டோவில் அவள் மூக்குத்துவாரங்கள் விரிந்து விரிந்து சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கிளிப்பைக் கால் கட்டைவிரலில் மாட்டியதும் திரையில் 88 சதவீதம் என்று வந்தது, அது குறைவு. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். அது போதாமல் போனதால், ஈரமும் சூடும் ஏற்றிய காற்றை மூக்கின் வழியே வேகமாகச் செலுத்தும் 'ஹை ஃப்ளோ' கருவிக்கு மாற்றினார்கள். நோயின் பெயர் பிராங்கியோலைட்டிஸ் என்றும், காரணம் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்றும் சொன்னார்கள். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுவதே இந்த நோய். பெரியவர்களுக்குத் தடுமனோடு போய்விடும் அதே வைரஸ், நூல் போன்ற குழாய்கள் உள்ள கைக்குழந்தையை இப்படிப் படுத்துகிறது.

"ஒரு ஊசிகூடப் போடலியே, சார்?" என்று என் கணவர் கேட்டார். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது என்றும், உடம்பு தானாகத் தொற்றை வெல்லும்வரை ஆக்சிஜனும் பாலும் குறையாமல் பார்த்துக்கொள்வதே இங்கே வைத்தியம் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூச்சிரைக்கும் குழந்தைக்கு வாய்வழியாகப் பால் புகட்டினால் புரையேறிவிடும் என்பதால், மூக்கு வழியாக வயிறுவரை மெல்லிய குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். தண்டை உருவிய சிரிஞ்சைக் குழாயின் நுனியில் பொருத்தி, நான் பீய்ச்சிய பாலை அதில் ஊற்றி உயரத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அழுத்தாமல், பால் தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். கை வலித்தாலும், நானாகச் செய்ய ஏதோ ஒரு வேலை இருந்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

ராயபுரம், குழந்தைகள் வார்டில் பணிபுரியும் செவிலியர்:

மேலே எழுதிய சகோதரியின் மாமியார் பார்த்த இடம்தான் நாங்களும் முதலில் பார்க்கும் இடம். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவோம். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுவரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இதயக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் ஆபத்து அதிகம். மிகச் சிறிய சிசுக்களுக்கு இருமலே இல்லாமல் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டு.

இழுத்து இழுத்து மூச்சு விட்ட குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால் உறவினர்கள் நிம்மதி அடைகிறார்கள், நாங்கள் ஓடுகிறோம். பெரும்பாலும் அது களைப்பு. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கடுமை கூடுவது இதன் இயல்பு என்பதால், நேற்று பார்த்த மருத்துவர் சாதாரணச் சளி என்றாரே என்று இன்று தாமதிக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை அந்த வீங்கிய குழாய்களை இன்னும் எரிச்சலூட்டும். கற்பூரம் தேய்ப்பதை அறவே விட்டுவிடுங்கள், அது கைக்குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கலாம்.

கட்டில் கம்பியில் இந்த வைரஸ் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். பார்வையாளர்களைக் கை கழுவச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும், நாங்கள் சொல்லத்தான் செய்வோம்.

திருவொற்றியூர், ஒரு தந்தை:

என் நான்கு வயது மகளைச் சேர்த்தது இன்ஃப்ளுவென்சா என்ற ஃப்ளூ காய்ச்சலுக்காக. அனல் பறந்த காய்ச்சலோடு மூச்சும் வாங்கியது. அதற்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. நோய் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம் என்றும், இந்தக் காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது என்றும் சொன்னார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்தே போட வேண்டும் என்பதை அங்கேதான் அறிந்தேன். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி மட்டும் 2021 முதல் தமிழகத்தில் இலவசம். ஆர்.எஸ்.வி.க்குத் தடுப்பூசி உண்டா?

ராயபுரம் செவிலியர்:

அமெரிக்காவில் 2023-இல் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசிக்கும், பிறந்த குழந்தைக்கு நேரடியாகப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. நம் அரசு அட்டவணையில் இரண்டும் இன்னும் சேரவில்லை. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் பற்றிய செய்தி பரவியபோது எங்கள் வார்டு வாசலில் அத்தனை கூட்டம். அது 2001-இலேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட, ஆர்.எஸ்.வி.யின் நெருங்கிய உறவு. அதற்கும் ஆக்சிஜனும் பாலும்தான்.

கொருக்குப்பேட்டைத் தாய்:

மகள் இப்போது நடக்கிறாள். சளி பிடித்தால் வீசிங் எட்டிப் பார்க்கிறது. இந்தத் தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சில ஆண்டுகள் அப்படி வரலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அண்ணன் பள்ளியிலிருந்து வந்ததும் சட்டை மாற்றிக் கை கழுவிய பிறகுதான் அவளைத் தூக்குகிறான்.