15 வயது மகள் அப்பாவிடம் போக மறுக்கிறாள், என்ன செய்வது?

விவாகரத்தாகி நான்கு வருடம். மாதம் இரண்டு ஞாயிறு மகள் அப்பாவோடு இருக்க வேண்டும் என்பது குடும்ப நல நீதிமன்ற உத்தரவு. மூன்று மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ‘போக மாட்டேன்’ என்கிறாள். அடித்தாரா, திட்டினாரா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை, நாள் முழுக்க அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவரோ நான்தான் தூண்டிவிடுகிறேன், அவமதிப்பு வழக்குப் போடுவேன் என்கிறார். (டிபன் கட்டிக் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டவள் நான்!)

1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டம் 17(3)-இல், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 26-இன்படி உத்தரவை மாற்றவும் கேட்கலாமாம். அப்படி மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நீதிபதி பிள்ளையிடம் தனியாகப் பேசினாரா? அதுவரை இவளை எப்படி அனுப்புவது?