சைட்டோகைனுக்குத் தமிழ்ச்சொல்: கலத்தூதா, தூதுப்புரதமா?

மடல் 1

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கண் மருத்துவ உதவியாளர் பட்டய வகுப்புக்காகக் கண்புரையும் சைட்டோகைன்களும் பற்றிய இயலை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். வரைவில் அதற்குக் 'கலத்தூண்டி' என்று எழுதியிருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே இடறிவிட்டது. நீரிழிவு நோயாளரின் கண்ணில், கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறை நீரில் இன்டர்லியூக்கின்-6 என்னும் சைட்டோகைன் மிகுந்திருப்பதைச் சொல்லும்போது 'தூண்டி' பொருந்துகிறது. ஆனால் கடுமையான கிட்டப்பார்வை உள்ளோரின் புரையில் எம்.சி.பி.-1 என்னும் வேறொரு சைட்டோகைன் கூடியும், இன்டர்லியூக்கின்-1 ஏற்பி எதிரி குறைந்தும் காணப்படுகின்றன. அந்த எதிரி, இன்டர்லியூக்கின்-1 வந்து அமர வேண்டிய ஏற்பியில், அதாவது உயிரணுவின் மேல் செய்தியை ஏற்கும் புரதத்தில், தான் அமர்ந்துகொண்டு அழற்சியை அடக்குவது. அடக்குவதைத் தூண்டி என்று எழுத மனம் வரவில்லை. வேறு சொல் தந்து உதவுங்கள்.

மடல் 2

அம்மையீர், 'தூண்டி' வேண்டா என்பதை ஏற்கிறேன். 'கலம்' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிரேக்கத்தில் 'கைட்டோஸ்' என்றால் உட்குழிந்த ஏனம். 'கினெசிஸ்' என்றால் அசைவு. உண்கலம், மரக்கலம் என நாம் வழங்கும் கலமும் உட்குழிந்ததே. ஈழத்துப் பள்ளி நூல்களில் உயிரணுவுக்குக் கலம் என்பதே வழக்கு. உயிரணுவுக்கு நம்மில் சிலர் ஆளும் 'கண்ணறை' பிற துறைகளுக்கு நன்று. முன்னறை, பின்னறை என்று கண்ணுக்குள்ளேயே அறைகள் இருக்கும் நூலில் அது மாணவரைக் குழப்பும். இயக்கி என்று முடிக்கலாமென்றால், உடம்படுமெய் தோன்றிக் 'கலவியக்கி' ஆகிறது. படிப்பவர் அதைக் கலவி என்று பிரித்துவிடுவார். ஆகவே கலம், தூது இரண்டையும் சேர்த்தேன். மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்து 'கலத்தூது' ஆகும். தூது போர் மூட்டவும் செல்லும், போரைத் தணிக்கவும் செல்லும் என்பதால் தங்கள் ஏற்பி எதிரிக்கும் இச்சொல்லில் இடமுண்டு.

புரையைப் பற்றியும் ஒன்று. 'புரைதீர்ந்த நன்மை' என்னும் குறளில் புரை குற்றத்தைக் குறிக்கிறது. 'புரைய' உவம உருபாகவும் வரும். உட்டுளைக்கும் புரை என்றே பெயர். கண்ணில் படரும் வெண்மைக்கு இவற்றுள் எப்பொருளால் அப்பெயர் வந்தது என்பதைத் தனி இழையில் பேச விரும்புகிறேன்.

மடல் 3

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் புரை அறுவை செய்பவன். கருவிழியின் ஓரத்தில் மெல்லிய ஊசியைச் செலுத்தி முன்னறை நீரில் 0.1 மி.லி., அதாவது ஏறத்தாழ இரண்டு சொட்டு எடுப்போம். அதற்குள் தூது செல்வன பல இருக்கின்றன. 'தூது ஆர்.என்.ஏ.' பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டது, ஹார்மோனும் தூதுதான். எனவே 'கலத்தூது' எதைக் குறிக்கிறதென்று என் மாணவருக்கு விளங்காது. அவர்கள் படித்தது செல்; கலம் என்றால் பாத்திரத்தைத்தான் நினைப்பார்கள். இது புரதம் என்பதாவது பெயரிலேயே தெரியட்டும் என்று 'தூதுப்புரதம்' எனப் பரிந்துரைக்கிறேன்.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது பொருள்தான். யுவியைட்டிஸ் என்னும் உட்கண் அழற்சியில் கண் வில்லையின் (லென்ஸ்) பின்னுறையை ஒட்டிப் புரை விழுகிறது. அழற்சியை அடக்க நாம் கொடுக்கும் ஸ்டீராய்டும் அதே இடத்தில் புரையை உண்டாக்குவது. ஆகவே முன்னறை நீரில் ஒரு புரதம் கூடியிருப்பதால் அதுவே புரைக்குக் காரணம் என்று மாணவர் முடிவு செய்துவிடக் கூடாது. அறுவைக்குப் பின் பின்னுறை மங்குவதில் டி.ஜி.எஃப். பீட்டா என்னும் சைட்டோகைனின் பங்கு இதைவிடத் தெளிவானது. உறையில் எஞ்சிய புறப்படலச் செல்களை அது நார்த்திசுச் செல்களாக மாற்றிவிடுகிறது. 'கலத்தூண்டி' இருந்த இடங்களை மாற்றும்போது, 'தூண்டுகிறது', 'உடன் காணப்படுகிறது' என்னும் வினைகளையும் பிரித்து எழுதுங்கள்.

மடல் 4

டாக்டர் சொன்னபடி வினைகளைப் பிரித்துவிட்டேன். பதினொரு வாக்கியங்கள் மாறின. கருத்துச் சொன்ன ஏழு பேரில் நால்வர் 'தூதுப்புரதம்' என்றதால் முதல் இடத்தில் 'தூதுப்புரதம் எனப்படும் சைட்டோகைன்' என்றும், பிறகு சைட்டோகைன் என்றுமே எழுதி அனுப்புகிறேன். கலம் என்னும் சொல் எனக்கும் பிடித்ததுதான், ஐயா. ஆனால் தேர்வில் செல் என்றே கேட்பார்கள்.

மடல் 5

அச்சாகட்டும், அம்மையீர். எனினும் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 1974-இல் ஸ்டான்லி கோகன் 'சைட்டோ' என்னும் முன்னொட்டை வேண்டுமென்றே தேர்ந்தார். 1969-இல் பிறந்த 'லிம்ஃபோகைன்' நிணநீர்ச் செல்களை மட்டும் சுட்டியது. பிற செல்களும் இவற்றைச் சுரக்கின்றன என்று காட்டவே புதுப்பெயர் வேண்டியிருந்தது. அந்தச் செய்தி 'தூதுப்புரதத்தில்' இல்லை. அடுத்த பதிப்பின்போது கலத்தூதை மீண்டும் முன்வைப்பேன்.