புதுப்பிப்பு: வீல் பேரிங் மாற்றிய பிறகு எரிந்த ஏபிஎஸ் விளக்கு அணைந்தது

வண்டியின் முன்பக்க இடது வீல் பேரிங்கை மாற்றியதும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரிகிறது, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் புதிதாகப் போட்டும் அணையவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "பேரிங்கில் காந்த வளையம் இருக்கிறதா பாருங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. அந்த வளையம் சுழல்வதை வைத்துத்தான் சென்சார் வேகத்தை அறிகிறது.

முதலில் ஸ்கேனரை (வண்டியின் கணினித் தகவலைக் காட்டும் கருவி) மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மூன்று சக்கரங்கள் மணிக்கு 22 கி.மீ. வேகம் காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் 0. வயரிங்கில் பழுதில்லை. பேரிங்கைக் கழற்றினோம். பழைய பேரிங்கின் ஒரு முகத்தில் ரப்பர் போல கருப்பு வளையம். குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனதும் ஒட்டிக்கொண்டது. புதியதில் இரு பக்கமும் வெறும் சீல், ஊசி சட்டையே செய்யவில்லை! அளவு அச்சாக ஒன்றுதான், பாக எண்ணின் கடைசி எழுத்துகள்தான் வேறு.

காந்த வளையம் உள்ள பேரிங்கை, கருப்பு முகம் சென்சாரைப் பார்க்கும்படி பிரஸ்ஸில் (அழுத்திப் பொருத்தும் இயந்திரம்) வைத்து அழுத்தினோம். திருப்பிப் போட்டாலும் இதே கோளாறு வரும். பிரஸ்ஸில் கழற்றிய பேரிங்கை மறுபடி போட முடியாது, அதனால் அழுத்தும் முன்பே ஊசி வைத்துப் பாருங்கள்.

எதிர்பாராதது ஒன்று: பழைய சென்சாரும் நன்றாகவே வேலை செய்கிறது. மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பார்த்து அது செத்துவிட்டது என்று முடிவு கட்டியது என் தப்பு. மின்சாரம் கொடுத்தால் மட்டுமே இயங்கும் வகை சென்சாரை அப்படிச் சோதிக்க முடியாதாம். புதியதைக் கழற்றி வைத்துவிட்டேன்.