புதுப்பிப்பு: அட்லாண்டாவில் டென்னிஸுக்கு மட்டும் ஒரு கன்ட்ரி கிளப்

கோல்ஃபுக்குப் பணம் கட்டாமல் டென்னிஸ் மட்டும் ஆட எந்த கிளப் கட்டுப்படியாகும் என்று முந்தைய இழையில் கேட்டிருந்தேன். மாதச் சந்தாவை ஒப்பிடச் சொன்னார்கள். அது பாதிக் கணக்குதான்.

ஒரு பேச்சுக்கு, சந்தா 250 டாலர், நுழைவுக் கட்டணம் 3,000 என்று வைப்போம். 5 வருடம் இருந்தால் நுழைவுக் கட்டணமே மாதம் 50 ஆகிறது. கிளப் உணவகத்தில் காலாண்டுக்கு 225 கட்டாயச் செலவு என்றால் இன்னொரு 75. மொத்தம் 375. சாப்பிடாவிட்டாலும் அந்த 75 போய்விடும். வரியும் சர்வீஸ் சார்ஜும் பெரும்பாலும் அதில் கழியாது. கட்டடப் பழுதுக்கான சிறப்பு வசூல் டென்னிஸ் உறுப்பினருக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலர் மாட்டுவது இங்கேதான்.

வரவேற்பு எப்படி என்பதை அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை, அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். சனிக்கிழமை காலை டபுள்ஸ் ஆட்டத்துக்குப் பெயர் எழுதும் பலகையைப் பாருங்கள். வாராவாரம் அதே நாலு பெயர்கள் என்றால் புதியவருக்கு இடமில்லை. "3.5 மட்டத்தில் எனக்கு ஆட்டம் பிடித்துத் தருவது யார்?" என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள் (3.5 என்பது அமெரிக்க டென்னிஸ் திறன் அளவில் நடுத்தரம்). ஒரு பெயர் வரவேண்டும்.

பச்சைக் களிமண் கோர்ட் முழங்காலுக்கு இதம். ஆனால் உறைபனி இளகும் நாட்களில் தரை சொதசொதவென்று ஆகி, மூடிவிடுவார்கள். ஹார்ட் கோர்ட்டும் (கெட்டித் தரை) இருக்கிறதா பாருங்கள்.

அட்லாண்டா பகுதி அணிகள் மோதும் ஆல்டா (ALTA) டென்னிஸ் லீக் மட்டும்தான் குறி என்றால் கிளப்பே வேண்டாம். பொதுப் பூங்கா அணிகளும் அதில் ஆடுகின்றன. நகரின் பொது டென்னிஸ் மையமான பிட்ஸி கிராண்டில் களிமண் கோர்ட்டே உண்டு.