மறு: லுக்கப் - 'தேடல்' வேண்டாம், 'பார்த்தெழுதல்' கொள்ளலாம்

வணக்கம்.

ஒரு குறியீட்டைக் கொடுத்து அதற்குரிய விவரத்தை அட்டவணையிலிருந்து எடுக்கும் 'லுக்கப்' (lookup) என்ற மென்பொருள் வேலைக்குத் தமிழில் 'தேடல்' என்றும், அதற்கான அட்டவணைக்குத் 'தேடல் அட்டவணை' என்றும் வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. 'சர்ச்' என்பதற்குத் தேடல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது என்பது சிறிய காரணம்தான். இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதே பெரிய காரணம். தேடுகிறவருக்கு நூறு கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், எதுவும் தவறில்லை. லுக்கப்பிலோ திறவுகோல், அதாவது எதை வைத்துப் பார்க்கிறோமோ அந்தக் குறியீடு, கையில் இருக்கிறது, விடை ஒன்றே ஒன்றாக இருந்தாக வேண்டும். இரண்டு விடை வந்தால் தரவில் பிழை இருக்கிறது என்று பொருள்.

மொத்த விற்பனைக் கடையின் பில் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ஊழியர் குளியல் சோப்பு ஒன்றின் குறியீட்டைத் தட்டுகிறார். படிவம் பொருள் அட்டவணைக்குப் போய்ப் பெயரையும், வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீட்டையும் பார்க்கிறது. வாடிக்கையாளர் அட்டவணையில் இவர் சில்லறையா மொத்தமா என்று பார்க்கிறது. பிறகு பொருள், வாடிக்கையாளர் வகை, பில் தேதி மூன்றையும் திறவுகோலாகக் கொண்டு விலை அட்டவணைக்குப் போகிறது. கடைசியில் வரி அட்டவணை. சோப்புக் கட்டிக்கு 2025 செப்டம்பர் 21 வரை ஜிஎஸ்டி 18 சதவீதம். 22ஆம் தேதி முதல் 5 சதவீதம். ஆகவே வரி அட்டவணையில் இந்த ஒரு பொருளுக்கு இரண்டு வரிசைகள், ஒவ்வொன்றிலும் தொடக்க நாளும் முடிவு நாளும். பழைய வரிசையின் முடிவு நாளை நிரப்பாமல் விட்டுவிட்டால், 22ஆம் தேதி பில்லுக்கு இரண்டு வரிசைகளும் பொருந்தும். தேடல் என்று நினைத்து நிரல் எழுதுகிறவர் முதலில் வந்ததை எடுத்துப் போட்டுவிடுவார். அங்கே படிவம் நின்று, 'இந்தத் தேதிக்கு இரண்டு வரி விகிதங்கள் உள்ளன' என்று சொல்லியிருக்க வேண்டும்.

எக்செலில் லுக்கப் செய்யும் வீலுக்கப் (VLOOKUP) வாய்பாட்டிலும் இதே ஆபத்து உண்டு. நான்காவது உள்ளீட்டைக் கொடுக்காமல் விட்டால் அது தோராயப் பொருத்தத்துக்குப் போய்விடும். குறியீடுகள் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் வேறொரு பொருளின் விலையைக் கொண்டுவந்து வைக்கக்கூடும், அப்போது எந்த எச்சரிக்கையும் வராது. விலை விஷயத்தில் தோராயம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன். 'கண்டெடுத்தல்' காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் கண்டெடுப்பது வழியில் கிடந்த மோதிரத்தையும் கீழடியில் கிடைத்த பானை ஓட்டையும். எதிர்பாராமல் அகப்படுவது என்ற சாயல் அந்தச் சொல்லை விட்டுப் போகாது. 'மீட்டெடுப்பு' அழிந்த கோப்பைத் திரும்பப் பெறுவதற்கு வேண்டும். அதை இங்கே செலவழிக்கக் கூடாது.

அட்டவணைக்கு என் பரிந்துரை 'பார்வை அட்டவணை'. தமிழக அரசுக் கடிதங்களில் 'பொருள்' என்ற வரிக்குக் கீழே 'பார்வை' என்று போட்டு முந்தைய கடித எண்ணைக் குறிப்பார்கள். நூலகங்களிலும் பார்வை நூல் என்கிறோம். வேண்டும்போது எடுத்து ஒரு குறிப்பை மட்டும் சரிபார்த்துக்கொள்வது என்ற பொருள் அந்தச் சொல்லில் முன்பே ஊறியிருக்கிறது.

வினைக்கு, குறிப்பாகப் படிவத்தில் நடக்கும் வினைக்கு, 'பார்த்தெழுது' என்று முன்மொழிகிறேன். வெறும் 'பார்' போதாதா என்று கேட்கலாம். வாடிக்கையாளரின் பெயரைத் திரையில் காட்டுவதற்குப் போதும். விலைக்கும் வரிக்கும் போதாது. அவற்றை அட்டவணையில் பார்த்த கையோடு பில்லின் வரிசையில் எழுதிவைத்துவிட வேண்டும். எழுதாமல் ஒவ்வொரு முறையும் அட்டவணையையே பார்க்கும்படி விட்டால், செப்டம்பர் 10ஆம் தேதி போட்ட பில்லை அக்டோபரில் மறுபடி அச்சிடும்போது சோப்புக்கு 5 சதவீதம் என்று வந்து நிற்கும். அந்தச் சரக்கு திரும்பி வந்தால் அதன் தொகையைக் கழித்துக் கடை கொடுக்கும் வரவுக் குறிப்பில் (கிரெடிட் நோட்), விற்ற நாளின் 18 சதவீதம்தான் இருக்க வேண்டும். அன்று எழுதிவைத்த எண் இல்லையென்றால் கணக்குப்பிள்ளை எதைப் பார்ப்பார்? இந்த வேறுபாட்டைப் பொத்தானில் உள்ள சொல்லே காட்டிவிட்டால், படிவத்தை வடிவமைப்பவர் பார்ப்பதோடு நிறுத்துகிறோமா, எழுதவும் செய்கிறோமா என்று தன்னைக் கேட்டுக்கொள்வார். 'விலையைப் பார்த்தெழுது' என்று பொத்தானில் இருந்தால், கடை ஊழியருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 'விலைப்பட்டியலைப் பார்த்து எழுதுப்பா' என்று முதலாளி சொல்வதும் அதைத்தானே.

பார்த்தெழுதுவது என்றால் தேர்வறை நினைவு வருகிறது என்ற தயக்கம் எழலாம். தேர்வறையில் அந்த வினை குற்றம், பில் மேசையில் அதுவே கடமை. இடம் தெளிவாக இருக்கும்போது பொருள் குழம்பாது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு சிக்கல் உண்மையாகவே மிஞ்சுகிறது. தரவுத்தளத்தில், அட்டவணைகளிலிருந்து தரவை எடுத்துக் காட்டும் 'வியூ' (view) என்பதற்கும் சிலர் 'பார்வை' என்று எழுதுகிறார்கள். பார்வை அட்டவணையை ஏற்பதானால் அதைத் 'தோற்றம்' என்று மாற்ற வேண்டியிருக்கும். பல அட்டவணைகளிலிருந்து சேர்த்துக் காட்டப்படுவது, தனக்கெனத் தரவைச் சேமித்துவைக்காதது என்பதால் தோற்றமே அதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 'வியூ'வைக் கையாளும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்துக்கொள்பவர்கள் இதற்கு உடன்படுகிறார்களா என்று முதலில் சொல்லுங்கள். அதன் பிறகு 'பார்வை அட்டவணை', 'பார்த்தெழுது' இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்.