5 கிழமை நாய்க்குட்டிக்குத் தெள்ளு: எந்த மருந்து தாங்கும்?

லயத்து முற்றம்
ஹட்டன் பக்கம், லயத்து வீடு. குட்டிக்கு 5 கிழமை, நிறை 1.2 கிலோ. வயிற்றடியிலும் வால் முளையிலும் தெள்ளு ஓடுது, மயிருக்குள் கறுப்புத் தூள் மாதிரிக் கிடக்கு. படுக்கை அடுப்படியில், சாக்கில். வீட்டில் ஒரு பூனையும் இருக்கு. மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள், மாட்டு உண்ணி மருந்தைக் கலக்கி ஊற்றச் சொல்கிறார்கள், கர்ப்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துப் பூசவும் சொல்கிறார்கள். எது சரி? இந்தக் குளிரில் குளிப்பாட்டலாமா?

எட்டாம் நம்பர் மலை
மூன்றுமே வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். குட்டி நக்கி வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். மாட்டு உண்ணி மருந்து பெரும்பாலும் அமிட்ராஸ். அது குட்டியின் இதயத் துடிப்பையும் உடல் சூட்டையும் இறக்கிவிடும், குட்டி தூங்கியே விழும். கர்ப்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பைக் கொண்டுவரும். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை யாராவது நீட்டினால் அதையும் தள்ளி வையுங்கள்.

முதலில் அந்தக் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம், அதாவது குட்டியின் இரத்தம்தான். அடுத்து உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு என்றால் வீட்டிலேயே சமாளிக்கலாம். வெளிறி இருந்தாலோ, குட்டி சோர்ந்து குளிர்ந்து கிடந்தாலோ, குளிப்பாட்டாமல் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். 1 கிலோ குட்டிக்கு உடம்பில் இருக்கிற இரத்தமே 80-90 மில்லிதான்.

குளிப்பாட்டலாம், ஆனால் நம் ஊரில் தெள்ளைவிடக் குளிர்தான் முதலில் ஆளைத் தூக்கும். நடுப்பகலில், கதவைச் சாத்தி, முழங்கையில் ஊற்றினால் சுடாத வெதுவெதுப்பான தண்ணீர். டெட்டோல், கார்பாலிக் சவர்க்காரம் எதுவும் வேண்டாம், பேபி ஷாம்பு போதும். முதல் நுரையைக் கழுத்தைச் சுற்றி வளையம் போலப் போடுங்கள். உடம்பு நனைந்ததும் தெள்ளு தலைக்குத்தான் ஓடும், காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் புகுந்தால் எடுப்பது கஷ்டம். பிறகு முதுகு, வயிறு, கால் இடுக்கு. 5 நிமிடம் நுரையோடு வைத்து அலசுங்கள். முகத்துக்கு நுரை போகக்கூடாது.

ஈரத்தோடேயே பேன் சீப்பால் வாருங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கி. வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து குதித்துவிடும், சவர்க்காரம் கலந்தால் மூழ்கும். உடனே துவட்டி, துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு படுக்க வையுங்கள். அடுப்புக்கு ஒட்டி வேண்டாம். 4 கிழமைக்குக் குறைந்த குட்டியென்றால் குளிப்பே இல்லை, சீப்பு மட்டும்.

மூடுபனி
குளித்த நாளைக்குத்தான் குளிப்பின் பலன். சவர்க்காரத்துக்குத் தங்கும் சக்தி கிடையாது, மறுநாள் தரையிலிருந்து புதிது ஏறும். இந்த வயதுக்கும் நிறைக்கும் தாங்குவது 0.25 வீத பிப்ரோனில் (தெள்ளைக் கொல்லும் மருந்து) ஸ்ப்ரே, பிறந்து 2 நாளிலிருந்தே பாவிக்கலாம். கழுத்தில் சொட்டு விடும் பிப்ரோனில் 8 கிழமையும் 2 கிலோவும் ஆன பிறகுதான், தெள்ளுக்கான மெல்லும் மாத்திரைகளில் பெரும்பாலானவையும் 8 கிழமைக்குப் பிறகுதான். ஆகவே கடையில் “நாய்க்கு” என்று மட்டும் கேட்காதீர்கள். வயதையும் நிறையையும் சொல்லுங்கள், லேபிளையும் வாசியுங்கள்.

அளவு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லி. 100 மில்லி போத்தலில் ஒரு அமுக்கு 0.5 மில்லி, அப்படியானால் 1.2 கிலோவுக்குக் குறைந்தது 8 அமுக்கு. கட்டை மயிருக்கு அது போதும், சடை மயிருக்குக் கூடும், 14ஐத் தாண்டக்கூடாது. 250 மில்லி போத்தலில் ஒரு அமுக்கே 1.5 மில்லி. இங்கேதான் பலர் மூன்று மடங்கு அடித்துவிடுகிறார்கள்.

கையுறை போட்டு, மயிரைப் பின்பக்கமாகக் கோதி, 10-20 சென்ரிமீற்றர் தள்ளி அடித்துத் தோல்வரைக்கும் தேயுங்கள். முகத்துக்கு அடிக்காமல் விரலால் தடவுங்கள். முக்கியமாக, அதில் அல்ககோல் இருக்கிறது, தீப்பிடிக்கும். அடுப்படியில் அடிக்கவே கூடாது. காயும்வரை தாய் நக்காமல் பிரித்து வைத்து, தாய்க்கும் அன்றே அடியுங்கள். குளிப்புக்கும் ஸ்ப்ரேக்கும் இடையில் 2 நாளாவது விடுங்கள், முன்னும் சரி பின்னும் சரி. அடுத்த தடவைக்கு ஒரு மாதம் பொறுங்கள், அப்போது நிறையைத் திரும்பப் பாருங்கள், குட்டி இரட்டிப்பாகியிருக்கும்.

பூனைக்கும் இதே ஸ்ப்ரே ஆகும். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து மட்டும் பூனையின் பக்கமே போகக்கூடாது. உடம்பு நடுங்கி வலிப்பு வந்து செத்துப்போகும்.

கொழுந்துக்கூடை
வேப்பிலை அவித்த தண்ணீர், படுக்கைக்குக் கீழே மானாப்புல், இதெல்லாம் உதவாதா? மருந்துச் செலவில்லாமல் முடியுமே.

எட்டாம் நம்பர் மலை
வேம்பே இந்தக் குளிரில் ஒழுங்காக வளர்வதில்லை, கீழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து அவிப்பதற்கு ஒரு பேன் சீப்பு வாங்கலாம். இலைத் தண்ணீர் தெள்ளைக் கொல்லாது. வேப்பெண்ணெயைக் குட்டிக்கு அப்படியே பூசவும் வேண்டாம், நக்கினால் வயிற்றைக் கலக்கும். மானாப்புல் வாசம் நமக்குத்தான். காய்ந்த புல்லின் அடி தெள்ளுப் புழு ஒளிய வசதியான இடம்.

செலவில்லாத வேலை வேறு இருக்கிறது, அது படுக்கை. தெள்ளு முட்டை ஒட்டாது, வழுக்கி விழும். ஒரு பெட்டை நாளைக்கு 40-50 முட்டை வரை போடும், அத்தனையும் குட்டி தூங்கும் இடத்தில்தான் சேரும். குளிரில் மாதக்கணக்காக இழுபடும் வளர்ச்சி கதகதப்பில் 3 கிழமையில் முடிந்துவிடும். வெளியே 16 பாகை குளிர் இருந்தாலும் உங்கள் அடுப்படி தெள்ளுக்குக் கீழ்நாடுதான்.

அந்தச் சாக்கை எரித்துவிடுங்கள். பழைய சாரத் துண்டுகளை விரித்து, 2 நாளைக்கொரு தடவை மாற்றிக் கொதிதண்ணீரில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலை நம்பி உலர்த்துவது பலிக்காது. சீமெந்து வெடிப்பிலும் சுவரோரத்திலும் குட்டியை அப்புறப்படுத்திவிட்டுக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். நாளும் தும்புத்தடியால் கூட்டி, குப்பையை அடுப்பில் போடுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் நாய் இருந்தால் சேர்ந்து செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் செய்தால் வேலை வீண்.

இவ்வளவு செய்தும் 2-4 கிழமைக்குத் தெள்ளு வரும். கூடு கட்டி அதற்குள் இருக்கும் தெள்ளுப் புழுவுக்கு எந்த மருந்தும் எட்டாது. காலடி அதிர்வும் சூடும் பட்டால் வெளியே வரும். மருந்து பிழைத்துவிட்டது என்று அளவைக் கூட்டாதீர்கள்.

லயத்து முற்றம்
நன்றி. இன்று மலத்தில் அரிசி மாதிரி இரண்டு, மெதுவாக நெளிந்தது. பூச்சி மருந்து போன கிழமைதான் கொடுத்தேன்.

மூடுபனி
அது நாடாப்புழுத் துண்டு, தெள்ளை விழுங்கினால் வருவது. நீங்கள் கொடுத்தது பைரன்டெல் என்றால் உருண்டைப் புழுவுக்குத்தான் கேட்கும், இதற்குப் பிராசிகுவாண்டெல் வேண்டும். 4 கிழமை தாண்டிவிட்டதால் கொடுக்கலாம், நிறையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் அளவை வாங்குங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையிலும் காட்டலாம். தெள்ளு ஒழியாமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் சில கிழமையில் அரிசி திரும்ப வரும். அந்தத் துண்டு ஒன்றைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுபோங்கள்.