கொரியாவிலிருந்து பழைய பூச்சாடியும் மரப்பெட்டகமும்: திருகோணமலை உப்புக்காற்றில் தாங்குமா?

உப்புவெளிப் பெடியன்:
அண்ணா தென்கொரியாவில், அன்சானில் தொழிற்சாலை வேலை. பழைய கொரியச் சாமான்களில் எனக்கு உள்ள பைத்தியம் தெரிந்தவர், அதனால் லீவில் வர முன்னர் சியோலில் டாப்சிம்னி பழம்பொருள் கடைகளுக்குப் போய் இரண்டு சாமான் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று நீலமும் பச்சையும் கலந்த சாடி, அகலமான தோள், ஒடுங்கிய அடி, உடம்பு முழுக்க மேகமும் கொக்கும். கொர்யோ காலத்தது என்கிறாராம் கடைக்காரர், ஆனால் விலை அண்ணாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. மற்றது பன்டாஜி, முன்பக்கத்தின் மேல்பாதி மட்டும் கீழே மடிந்து திறக்கும் பெட்டகம், இரும்புப் பூண் நிறைய. எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிர்கிற இடம். சாடி உண்மையானதா, பெட்டகம் இங்கே தாங்குமா, அங்கிருந்து எடுத்துவர விடுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சாடி:
தம்பி, கொர்யோ அரசு 918 முதல் 1392 வரை. அந்தக் கொக்கு வேலைக்கு சாங்காம் என்று பெயர். காய்ந்தும் காயாத மண்ணில் கீறி, அந்தப் பள்ளத்தில் வெள்ளை மண்ணும், சுட்டால் கறுப்பாகிற செம்மண்ணும் நிரப்பிச் சுரண்டி, ஒருமுறை சுட்டு, மேலே மெருகு ஊற்றித் திரும்பவும் சுடுவார்கள். 12ஆம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போன வேலை அது. அப்படியான முழுச்சாடி ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கவே கிடைக்காது. சியோல் கான்சோங் அருங்காட்சியகத்தில் உள்ள கொக்குச் சாடி தேசியப் பொக்கிஷம். இதே வடிவத்தை 20ஆம் நூற்றாண்டு முழுக்கப் பிரதி செய்தார்கள், இச்சோன் சூளைகளில் இன்றும் செய்கிறார்கள், அவற்றிலும் மிக அழகானவை உண்டு, பிரதி என்று தெரிந்து அதற்குரிய விலைக்கு வாங்கினால் சந்தோஷமாக வைத்திருக்கலாம்.

அண்ணாவைச் சாடியைக் கவிழ்த்து அடியைப் படமெடுக்கச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் அடிதான் பேசும். கொர்யோக் கிண்ணம், தட்டுகளில் நல்லவற்றைச் சின்னக் கற்துணுக்குகளின் மேல் நிறுத்திச் சுட்டதால் எள் அளவில் மூன்று நான்கு வெள்ளைத் தழும்பு இருக்கும். பெரிய சாடியில் சூளை மணல் ஒட்டியிருக்கும், விளிம்பு கைபட்டுத் தேய்ந்திருக்கும். அடி பளிச்சென்று சுத்தமாக, கொக்குகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அது பிரதிதான். உப்புக்காற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2007இல் கொரியாவின் தேயான் கடலில் ஒரு மீனவர் பிடித்த கணவாய் இனப் பிராணி பச்சைத் தட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு வந்தது, தேடிப் போனபோது 12ஆம் நூற்றாண்டுக் கப்பலும் 20,000க்கு மேற்பட்ட பாண்டங்களும் கிடைத்தன. கடலுக்குள்ளேயே அத்தனை நூற்றாண்டு கிடந்த சாமான், உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்காதா?

தச்சன் மகள்:
எனக்குப் பயம் பெட்டகத்தில்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே மரம் வறண்டு வெடிக்கும், வாடை தொடங்கி மழை பிடித்தால் அதே மரம் ஊதி மூடி இறுகிவிடும். கொரியாவின் பழைய வீடுகளில் தரைக்கு அடியால் சூடு போகும், குளிர்காலம் வறண்டது, அந்தக் காலநிலைக்குப் பழகிய பலகை அது. எங்கள் பெட்டகம் போல முதிரை மரமாக இருந்தால் நான் பேசவே மாட்டேன். பைன் பலகையாக இருந்தால் கறையான் விடாது.

வாங்குவதென்றே முடிவெடுத்தால் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் பின்பலகையையும் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கைவாள், கைச்சீவுளி பட்ட இடம் சீரில்லாமல் இருக்கும், மெஷின் வாள் தடம் வட்டமாகவோ வரிசையாகவோ தெரியும். நட்சத்திரத் தலை ஸ்குரூ ஆணி இருந்தால் அது பிற்காலத்தில் போட்டது. பூண் கழற்றி மாற்றப்பட்டிருந்தால் பழைய பூணின் நிழல் மரத்தில் கறுப்பாகத் தெரியும், நான் முதலில் தேடுவது அதைத்தான். வீட்டில் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, கடலைப் பார்க்காத அறையில் வையுங்கள். இரும்பைத் தண்ணீரால் துடைக்கக் கூடாது, காய்ந்த துணியால் தூசு தட்டி மெல்லிய மெழுகு பூசினால் போதும். வார்னிஷ் அடிக்கவே வேண்டாம், வயது ஏறிய அந்த நிறம் போனால் போனதுதான்.

உப்புவெளிப் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணா. அடிப்படம் வந்தது, சுத்தமோ சுத்தம், மணலும் இல்லை தேய்வும் இல்லை. சாடியை விட்டுவிட்டோம். பெட்டகமும் கப்பல் செலவோடு கட்டாது போல. வேறு ஏதாவது சொல்லுங்கள்.

துறைமுக வீதி:
சோபான் தேடச் சொல்லுங்கள் தம்பி, ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுகிற குட்டி மேசை. நாஜு, தொங்யோங், ஹேஜு என்று ஊருக்கு ஊர் வேலைப்பாடு மாறும், புலிக்கால், நாய்க்கால் என்று காலின் வளைவை வைத்தும் பெயர் சொல்வார்கள். மேற்பலகை பெரும்பாலும் லேசான மரம், நன்றாகச் சுற்றிக் கட்டினால் விமானத்திலேயே வரும். இரும்பு அதிகம் இல்லாததால் உப்புவெளிக்கும் சரி. சூடான பாத்திரம் வைத்த வளையம் மேலே பூசிய அரக்கில் தெரிந்தால் கழுவித் தேய்க்காதீர்கள், யாரோ சாப்பிட்ட அடையாளம் அது.

ஒரு விஷயம் முக்கியம். கொரியாவில் பழம்பொருட்களை வெளியே கொண்டுபோவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. இன்ச்சோன் விமான நிலையத்திலேயே மதிப்பீட்டு அலுவலகம் உண்டு, பார்த்துவிட்டு இது பாரம்பரியச் சொத்து இல்லை என்று உறுதிப்பத்திரம் தருவார்கள். புறப்படுகிற அன்று ஓடாமல் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள், கடை ரசீதையும் கையோடு வைத்திருந்தால் கட்டுநாயக்கவில் சுங்கத்தில் கேட்டாலும் காட்டலாம். கடைக்காரர் ரசீது தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.